அமெரிக்கக் கருக்கலைப்பு கிளினிக்குகளும் மாநில அரசுகளின் விதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கருக்கலைப்பு என்றதும் இரண்டு தீர்ப்புகள்தான் பேச்சில் வரும். 1973-ல் அதை உரிமையாக்கிய ரோ எதிர் வேட், 2022-ல் அந்த உரிமையைப் பறித்த டாப்ஸ். நடுவில் கழிந்த ஆண்டுகளில், குறிப்பாக 2011-க்குப் பிறகு, சண்டை நடந்தது வேறு தளத்தில்: கதவு எத்தனை அங்குலம், நடைபாதை எத்தனை அடி, டாக்டரிடம் எந்த மருத்துவமனையின் அனுமதிக் கடிதம் இருக்கிறது. பிள்ளைகள் டாலஸிலோ ஹூஸ்டனிலோ குடியிருக்கும் வீடுகளிலிருந்து இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். கருக்கலைப்பு பாவமா, உரிமையா என்ற வாதத்துக்குள் இந்தப் பக்கம் போகாது. விதிகள் எப்படிப் போடப்பட்டன, யார் போட்டார்கள், என்ன ஆயிற்று என்பது மட்டும்.

கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்த காலத்தில் கிளினிக்குகளை எப்படி மூட முடிந்தது?

தடை போடத்தான் முடியாது, விதி போடலாம். அமெரிக்காவில் மருத்துவமனைக்கு லைசென்ஸ் கொடுப்பது, டாக்டரைப் பதிவு செய்வது, கட்டடத்தைச் சோதிப்பது எல்லாம் மாநில அரசின் வேலை. 1992-ல் வந்த கேஸி தீர்ப்பு, பெண்ணின் மீது 'அளவுக்கு மீறிய சுமை' ஏற்றாத வரை மாநிலங்கள் கருக்கலைப்பை ஒழுங்குபடுத்தலாம் என்றது. எந்த அளவைத் தாண்டினால் மீறல் என்று கறாராகச் சொல்லவில்லை. அடுத்த 30 வருட அரசியல் அந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

இப்படிப்பட்ட விதிகளை எதிர்த்தவர்கள் 'ட்ராப் சட்டங்கள்' என்றார்கள். கருக்கலைப்பு செய்பவர்களைக் குறிவைத்த ஒழுங்குமுறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது; 'பொறி' என்றும் பொருள்படும். கொண்டுவந்தவர்கள் 'பெண்கள் உடல்நலப் பாதுகாப்பு' என்றார்கள். 'அமெரிக்கன்ஸ் யுனைடெட் ஃபார் லைஃப்' என்ற அமைப்பு மாதிரி மசோதாக்களைத் தயாராக எழுதி வைத்து மாநில உறுப்பினர்களுக்குக் கொடுத்துவந்தது. ஆயிரம் மைல் இடைவெளியில் இருக்கும் மாநிலங்களின் சட்டங்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கட்டட விதிகள் என்றால் என்ன மாதிரி?

மிசூரியில் நடைபாதை 6 அடி, கதவு 44 அங்குலம். கேன்சஸில் 2011-ல் எழுதிய விதிகளில் துடைப்பம், பக்கெட் வைக்கும் அறைகூட 50 சதுர அடி இருக்க வேண்டும். சிகிச்சை அறையின் வெப்பநிலை 68 முதல் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் நிற்க வேண்டும். ஜூலை 1 முதல் லைசென்ஸ் கட்டாயம். இறுதி விதிகள் கிளினிக்குகளின் கைக்கு வந்தது ஜூன் மாதம் பாதி கழிந்த பிறகு. இரண்டு வாரத்தில் எந்தக் கொத்தனார் சுவரை இடித்துக் கட்டித் தருவார்? ஃபெடரல் நீதிபதி ஒருவர் இடைக்காலத் தடை கொடுத்ததால் அந்த விதிகள் அப்போதைக்கு நின்றன.

அகலமான நடைபாதைக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் இல்லை. முழு மயக்கம் கொடுத்து அறுவை செய்யும் மையங்களில் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போவார்கள். எதிரே இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் செய்யும் கருக்கலைப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். வெட்டு கிடையாது, முழு மயக்கம் பெரும்பாலும் கிடையாது, வந்தவர் நடந்தே வெளியே போவார். மாத்திரையால் செய்வதென்றால் ஒரு மாத்திரையை விழுங்குவதுதான் அங்கே நடக்கும் 'சிகிச்சை'. டெக்சஸ் 2013-ல் கொண்டுவந்து பிறகு ரத்தான சட்டப்படி, அந்த மாத்திரையை விழுங்குவதற்கும் அறுவை மையத் தரத்தில் ஒரு கட்டடம் வேண்டியிருந்தது.

செலவும் சாதாரணம் இல்லை. டெக்சஸில் இருக்கிற கட்டடத்தை மாற்ற 10 லட்சம் டாலர், பக்கத்து நிலத்தையும் வாங்க வேண்டியிருந்தால் 30 லட்சம் டாலர் வரை ஆகும் என்று நீதிமன்றத்தில் பதிவானது.

அவசரத்துக்கு டாக்டருக்கு ஒரு மருத்துவமனையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பது நியாயமான நிபந்தனைதானே?

கேட்டவுடன் நியாயமாகத்தான் படும். இந்த நிபந்தனை அரசியல்ரீதியாக எடுபட்டதும் அதனால்தான். கிளினிக்கிலிருந்து 30 மைலுக்குள், அதாவது சுமார் 48 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு மருத்துவமனையில் நோயாளியைத் தன் பெயரில் அட்மிட் செய்யும் உரிமை டாக்டருக்கு இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் போன்ற மாநிலங்கள் போட்ட விதி.

அந்த உரிமையைத் தருவது அரசு இல்லை, மருத்துவமனை. வருடத்துக்கு இத்தனை நோயாளிகளையாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று பல மருத்துவமனைகள் குறைந்தபட்சக் கணக்கு வைத்திருக்கின்றன. கருக்கலைப்பு செய்யும் டாக்டரிடம் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு அநேகமாக யாருக்கும் எதுவும் ஆவதில்லை. இந்த விதியை எதிர்த்து நடந்த டெக்சஸ் வழக்கில், முதல் மூன்று மாதக் கருக்கலைப்பில் கடுமையான சிக்கல் கால் சதவீதத்துக்கும் கீழே என்று பதிவாகியிருக்கிறது. சேர்க்க ஆள் இல்லாததால் உரிமை கிடைக்காது. உரிமை இல்லாததால் கிளினிக் நடத்த முடியாது. தொழில் பாதுகாப்பாக நடக்கிறது என்பதே அதை மூடுவதற்குக் காரணமாகிவிடுகிறது.

டெக்சஸின் எல் பாஸோ நகரத்து டாக்டர் ஒருவரின் கதை அந்த வழக்கின் தீர்ப்பிலேயே இருக்கிறது. 38 வருட அனுபவம், 15,000-க்கும் மேற்பட்ட பிரசவம் பார்த்தவர். 30 மைலுக்குள் இருந்த 7 மருத்துவமனைகளில் ஒன்றுகூட அவருக்கு உரிமை தரவில்லை. சில இடங்களில் மருத்துவமனையே மத நிறுவனத்துடையது. வேறு சில இடங்களில் வாசலில் போராட்டம் நடக்குமே என்ற பயம்.

நிஜமாகவே அவசரம் என்றால்? 1986-லிருந்தே ஃபெடரல் சட்டப்படி எந்த மருத்துவமனையின் எமர்ஜென்சியும் வந்தவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதுவும் போக, சிக்கல் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். 200 கிலோமீட்டர் தாண்டி வீடு இருக்கிற பெண் தன் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளே தவிர, கிளினிக் டாக்டர் உரிமை வைத்திருக்கும் ஆஸ்பத்திரியைத் தேடிக்கொண்டு திரும்பி வர மாட்டாள்.

பிலடெல்பியாவில் ஒரு கிளினிக்கில் பயங்கரம் நடந்ததே, அதற்குப் பிறகும் விதி வேண்டாம் என்கிறீர்களா?

விதி வேண்டும். கிளினிக்குகளின் பக்கம் நிற்பவர்கள் இந்தக் கேள்வியை நழுவவிட்டுப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. கெர்மிட் கோஸ்னெல் என்ற டாக்டரின் கிளினிக்குக்குள் 2010 பிப்ரவரியில் போலீஸ் நுழைந்தது. முதலில் போனது சட்டவிரோத மருந்துச் சீட்டு விவகாரத்துக்காக. உள்ளே கண்டது அதைவிடக் கொடூரம். உயிரோடு பிறந்த மூன்று சிசுக்களைக் கொன்றதாக அவர் மீது 2013 மே மாதம் கொலைக் குற்றம் நிரூபணமானது. பூட்டானிலிருந்து அகதியாக வந்த 41 வயதுப் பெண் ஒருவர் அளவுக்கு மீறிய மயக்க மருந்தால் 2009-ல் அங்கே இறந்திருந்தார். அந்த மரணத்துக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. ஆயுள் தண்டனை.

ஆனால் அந்த வழக்கின் கிராண்ட் ஜூரி, அதாவது குற்றம் சாட்டலாமா என்று முதலில் விசாரிக்கும் பொதுமக்கள் குழு, தன் அறிக்கையில் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பென்சில்வேனியாவில் விதிகள் இருந்தன. சுகாதாரத் துறை 1993-க்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்கவே இல்லை. புகார்கள் வந்தன, கிடப்பில் போட்டார்கள். சோதனை நடத்தினால் கருக்கலைப்புக்கு முட்டுக்கட்டை போட்டதாகிவிடும் என்று அதிகாரிகள் ஒதுங்கியதாகவும் அறிக்கை சொல்கிறது. ஆக, இரண்டு தரப்புக்கும் அதில் பாடம் இருக்கிறது. சோதனையே வேண்டாம் என்று அரசியல் காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டதில் ஒரு பெண்ணின் உயிர் போனது. அதைக் காட்டிப் பிறகு மற்ற மாநிலங்கள் எழுதிய கதவு அகல விதிகள் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்காது. காப்பாற்றியிருக்கக்கூடியது வருடத்துக்கு ஒரு தடவை வந்துபோகும் இன்ஸ்பெக்டர்.

டெக்சஸில் 2013-ல் நடந்ததுதான் பெரிய சண்டை என்கிறார்களே, அது என்ன?

முந்தைய கேள்விகளில் சொன்ன இரண்டு நிபந்தனைகளையும், 20 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்புக்குத் தடையையும் சேர்த்து டெக்சஸ் சட்டமன்றம் ஒரே மசோதாவாகக் கொண்டுவந்தது. சிறப்புக் கூட்டத்தொடர் ஜூன் 25 நள்ளிரவோடு முடிய வேண்டும். அதுவரை பேசிக்கொண்டே இருந்து ஓட்டெடுப்பை நடக்கவிடாமல் செய்ய, ஃபோர்ட் வொர்த் தொகுதியின் செனட்டர் வெண்டி டேவிஸ் காலை 11 மணிக்கு மேல் எழுந்து நின்றார். காலில் இளஞ்சிவப்பு ஓட்டப்பந்தய ஷூ.

டெக்சஸ் செனட் விதிப்படி இப்படிப் பேசுகிறவர் உட்காரக் கூடாது, மேஜையில் சாயக் கூடாது, சாப்பிடக் கூடாது, கழிப்பறைக்குப் போகக் கூடாது. பேச்சு விஷயத்தை விட்டு விலகவும் கூடாது. மூன்று தடவை தவறினால் பேச்சை நிறுத்தலாம். கிளினிக்குகள் நடத்தும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பின் நிதியைப் பற்றிப் பேசியது ஒரு தவறு என்றார்கள். முதுகுக்கு பெல்ட் மாட்ட சக செனட்டர் ஒருவர் உதவியது இரண்டாவது. முந்தைய ஸ்கேன் சட்டத்தைக் குறிப்பிட்டது மூன்றாவது. கருக்கலைப்புக்கு முன் ஸ்கேன் கட்டாயம் என்கிற சட்டம் கருக்கலைப்பைப் பற்றியது இல்லையாம்! இரவு 10 மணி வாக்கில் பேச்சை நிறுத்தினார்கள்.

மீதி இரண்டு மணி நேரத்தை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பியே ஓட்டினார்கள். 11.45 சுமாருக்கு செனட்டர் லெட்டீசியா வான் டி பூட், ஒரு பெண் உறுப்பினர் தன் ஆண் சகாக்களைத் தாண்டி அவைத் தலைவரின் கண்ணில் பட எப்போது கையை உயர்த்த வேண்டும், எப்போது குரலை உயர்த்த வேண்டும் என்று கேட்டார். மேலே பார்வையாளர் மாடம் வெடித்தது. கைதட்டலும் கூச்சலும் நள்ளிரவு வரை ஓயவில்லை. ஓட்டுக் கணக்கைப் படித்தது யார் காதிலும் விழவில்லை. 19-க்கு 10 என்று மசோதா நிறைவேறிவிட்டதாக முதலில் சொன்னார்கள். ஆவணத்தில் தேதி 26 என்று விழுந்திருந்தது. பிறகு அது 25 ஆனது. கடைசியில் விடியற்காலை 3 மணிக்கு, நேரம் கடந்துவிட்டதால் மசோதா செல்லாது என்று துணை கவர்னர் டேவிட் டூஹர்ஸ்ட் ஒப்புக்கொண்டார்.

நாடு முழுக்க அந்த இரவை நேரலையில் பார்த்தார்கள். பலன்? கவர்னர் ரிக் பெர்ரி உடனே இன்னொரு சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். ஜூலை நடுவில் அதே சட்டம் நிறைவேறி, 18-ம் தேதி கையெழுத்தாகிவிட்டது. அடுத்த வருடம் கவர்னர் தேர்தலில் நின்ற டேவிஸ், கிரெக் அபட்டிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

மூடுவதுதான் நோக்கம் என்று நிரூபிக்க முடியுமா? பாதுகாப்புக்காகவே கொண்டுவந்திருக்கலாமே?

மனதைத் திறந்து பார்க்க முடியாது. வாயால் சொன்னதைப் பார்க்கலாம். அதே டூஹர்ஸ்ட், முதல் மசோதா செனட்டில் ஒரு கட்டம் தாண்டிய மறுநாள் ட்விட்டரில் ஒரு வரைபடம் போட்டார். சட்டம் வந்தால் எந்தெந்த கிளினிக்குகள் மூடும் என்று எதிர்த்தரப்பு தயாரித்த எச்சரிக்கைப் படம் அது. 'இதற்காகத்தான் போராடினோம்' என்ற பொருள்பட எழுதியிருந்தார். மிசிசிப்பியில் 2012-ல் இதே வகைச் சட்டத்தில் கையெழுத்திட்ட கவர்னர் ஃபில் பிரையன்ட், தன் மாநிலத்தில் கருக்கலைப்பே இல்லாமல் செய்வேன் என்று வெளிப்படையாகவே பேசியவர்.

இதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. கருக்கலைப்பு கொலை என்று மனப்பூர்வமாக நம்புகிறவர் அதை நிறுத்த வழி தேடுவார். அது அவர் அரசியல். நேரே நிறுத்த நீதிமன்றம் விடவில்லை, சுற்றுவழியில் போனார். அந்தச் சுற்றுவழிக்குப் 'பெண்ணின் பாதுகாப்பு' என்று பெயர்ப் பலகை மாட்டியதைத்தான் கேள்வி கேட்க வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: இதே அளவு ஆபத்துள்ள வேறு சிகிச்சைக்கும் இதே விதி இருக்கிறதா?

அந்தச் சோதனையில் டெக்சஸ் என்ன ஆயிற்று?

2016 ஜூன் 27-ம் தேதி, ஹோல் வுமன்ஸ் ஹெல்த் எதிர் ஹெல்லர்ஸ்டெட் வழக்கில் 5-க்கு 3 என்று உச்ச நீதிமன்றம் இரண்டு நிபந்தனைகளையும் ரத்து செய்தது. நீதிபதி ஸ்கேலியா அந்த பிப்ரவரியில் இறந்துவிட்டதால் எட்டு நீதிபதிகள்தான். தீர்ப்பை எழுதிய ஸ்டீபன் பிரேயர் வரிசையாக ஒப்பிட்டுக் காட்டினார். பிரசவத்தில் சாவு ஏற்படும் வாய்ப்பு கருக்கலைப்பைவிட 14 மடங்கு; டெக்சஸில் மருத்துவச்சி வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம். பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியில் 10 மடங்கு. அதற்கு அறுவை மையம் கட்டாயமில்லை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையில் 28 மடங்கு. பாதியில் கலைந்த கருவை அகற்றச் செய்வதும் இதே முறைதான். அதைச் சாதாரண டாக்டர் அறையிலேயே செய்கிறார்கள்.

இன்னொன்று: அறுவை மையத் தரத்துக்கு உட்பட்ட இடங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்கு டெக்சஸ் ஏற்கெனவே முழு விலக்கோ பாதி விலக்கோ கொடுத்திருந்தது. கருக்கலைப்பு செய்யும் இடம் ஒன்றுக்குக்கூட விலக்கு கிடையாது.

விசாரணையில் நடந்தவற்றில் இரண்டு மறக்க முடியாதவை. இந்த விதியால் ஒரே ஒரு பெண்ணுக்காவது மேலான சிகிச்சை கிடைத்திருக்கும் என்று காட்ட முடியுமா என்று கேட்டபோது, பதிவில் அப்படி ஒன்றும் இல்லை என்று டெக்சஸ் ஒப்புக்கொண்டது. எல் பாஸோ பெண்கள் எல்லை தாண்டி நியூ மெக்சிகோவின் சான்டா தெரெசாவுக்குப் போய்க்கொள்ளலாமே என்று அரசுத் தரப்பு சொன்னதும் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் பிடித்துக்கொண்டார்: நியூ மெக்சிகோவில் அறுவை மைய விதியே கிடையாதே, உங்கள் பெண்களுக்கு அந்தக் கட்டடம் அவசியம் என்றால் அங்கே எப்படி அனுப்புகிறீர்கள்?

ஜெயித்த பிறகு மூடிய கிளினிக்குகள் திறந்தனவா?

சில. சட்டம் வருவதற்கு முன் டெக்சஸில் 40-க்கும் மேல் இருந்தன. அட்மிட் உரிமை நிபந்தனை அமலானதும் பாதியாகக் குறைந்தன. கிளினிக்கிலிருந்து 200 மைலுக்கு அப்பால் வாழும் குழந்தை பெறும் வயதுப் பெண்கள் சுமார் 10,000-லிருந்து 2,90,000 ஆனார்கள். வழக்குத் தொடுத்த ஹோல் வுமன்ஸ் ஹெல்த் தன் ஆஸ்டின் கிளினிக்கை 2017-ல் திரும்பத் திறந்தது. மற்ற பல இடங்களில் குத்தகை முடிந்திருந்தது, நர்ஸ்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள், டாக்டர் ஓய்வு பெற்றிருந்தார். வழக்கு மூன்று வருடம் நடந்தால் மூடியது மூடியதுதான். விதி போட்டவர்கள் வழக்கில் தோற்றும் களத்தில் பெரும்பகுதி ஜெயித்தார்கள்.

விர்ஜினியாவில் சுகாதார வாரியமே பிளவுபட்டது என்கிறார்களே?

கட்சி அரசியல் ஒரு நிபுணர் குழுவை எப்படி வளைக்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. 2011-ல் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு பற்றி ஒரு சாதுவான மசோதா இருந்தது. கீழவையில் அதில் ஒரு திருத்தம் நுழைந்தது: மாதம் ஐந்து அல்லது அதற்கு மேல் முதல் மூன்று மாதக் கருக்கலைப்பு செய்யும் இடம் எதுவானாலும் அது 'மருத்துவமனை'யாகக் கருதப்படும். செனட்டில் 20-க்கு 20. துணை கவர்னர் பில் போலிங்கின் ஓட்டில் நிறைவேறியது.

விதி எழுதும் பொறுப்பு மாநில சுகாதார வாரியத்துக்கு. 2012 ஜூனில் வாரியம் 7-க்கு 4 என்று ஒரு சலுகை தந்தது: புதிதாகக் கட்டும் கிளினிக்குகளுக்கு மட்டும்தான் கட்டட விதி, பழையவற்றுக்கு விலக்கு. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் கென் குச்சினெல்லி அதற்குச் சான்று தர மறுத்தார். வாரியத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்றார். சட்ட ஆலோசனையை மீறி ஓட்டுப் போட்டு வழக்கு வந்தால் அரசு வக்கீல் உங்களுக்காக வர மாட்டார், சொந்தக் காசில் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கையும் உறுப்பினர்களுக்குப் போனது. செப்டம்பரில் அதே வாரியம் 13-க்கு 2 என்று சலுகையைத் திரும்பப் பெற்றது. அக்டோபரில் மாநில சுகாதார ஆணையர் டாக்டர் கேரன் ரெம்லி, தன் கடமையை நேர்மையோடு செய்ய முடியாத சூழல் என்று ராஜினாமா செய்தார். நார்ஃபோக்கில் 1973 முதல் நடந்துவந்த ஒரு கிளினிக் 2013 ஏப்ரலில் கதவைச் சாத்தியது.

அந்த நவம்பரில் கவர்னர் தேர்தல். குச்சினெல்லி நின்றார், டெரி மெக்காலிஃப் ஜெயித்தார். புது கவர்னர் வாரியத்தில் புது ஆட்களை நியமித்து விதிகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். புது அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங் முந்தைய சட்டக் கருத்துக்கு நேர் எதிரான கருத்தைக் கொடுத்தார். 2016-ல் விதி தளர்ந்தது. 2020-ல் 'மருத்துவமனை' என்ற அந்த வகைப்பாட்டையே சட்டமன்றம் எடுத்துவிட்டது. சட்ட வாசகம் 2011 முதல் 2020 வரை ஒன்றுதான். ஆள் மாற மாற அதற்குப் பொருள் மாறியது.

லூசியானா வழக்கு டெக்சஸ் வழக்கின் மறுபதிப்பா?

கிட்டத்தட்ட. அதே 30 மைல் நிபந்தனை. 2020 ஜூன் 29-ம் தேதி 5-க்கு 4 என்று அதுவும் ரத்தானது. ஆனால் ஐந்தாவது ஓட்டான தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், டெக்சஸ் தீர்ப்பு தவறு என்றே இன்னமும் கருதுவதாகவும், முன்தீர்ப்பை மதித்து மட்டும் சேர்வதாகவும் எழுதினார். மூன்று மாதத்தில் கின்ஸ்பர்க் மறைந்தார். அவர் இடத்துக்கு ஏமி கோனி பாரெட் வந்தபோதே அடுத்து என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்தது மிசிசிப்பி. ஜாக்சன் நகரில் இளஞ்சிவப்பு வண்ணமடித்த அந்த மாநிலத்தின் ஒரே கிளினிக், 2012-ன் அட்மிட் உரிமைச் சட்டத்தில் நீதிமன்றத்தால் தப்பியது. அங்கே டாக்டர்கள் வெளிமாநிலத்திலிருந்து விமானத்தில் வந்துபோனார்கள். பிறகு அந்த கிளினிக், 15 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்புக்குப் போட்ட தடையை எதிர்த்து வழக்குப் போட்டது. அந்த வழக்குதான் டாப்ஸ். கிளினிக் 2022 ஜூலையில் மூடி, நியூ மெக்சிகோவின் லாஸ் க்ரூசஸுக்கு இடம் மாறியது.

டாப்ஸுக்குப் பிறகு நேரடியாகவே தடை போடலாமே, கதவு அகலம் எல்லாம் எதற்கு?

டெக்சஸில் அப்படித்தான் ஆயிற்று. முழுத் தடை வந்தபின் அங்கே அளக்க கதவே இல்லை. ஆனால் வாக்காளர்கள் உரிமையைத் திரும்பக் கொண்டுவரும் மாநிலங்களில் பழைய விதிப் புத்தகம் மறுபடி மேஜைக்கு வருகிறது. மிசூரியைப் பாருங்கள்.

அங்கே 2010-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கருக்கலைப்புகள் நடந்தன. விதி மேல் விதியாகப் போட்டு, 2021-ல் சுமார் 150-ஆகக் குறைத்துவிட்டார்கள், தடை இல்லாமலேயே. செயின்ட் லூயிஸில் ஒரே ஒரு கிளினிக் மிஞ்சியிருந்தது. 2019-ல் அதற்கும் லைசென்ஸைப் புதுப்பிக்க சுகாதாரத் துறை மறுத்தது. நான்கு பேருக்குச் சிக்கல் ஏற்பட்டது, டாக்டர்கள் விசாரணைக்கு வரவில்லை என்பவை காரணங்கள். 72 மணி நேரம் முன்னதாக ஒரு முறை பிறப்புறுப்பு வழியான உள்பரிசோதனை, செய்யும் அன்று இன்னொரு முறை என்ற விதி வேறு. தேவையில்லாமல் இரண்டாவது தடவை கை வைப்பது பெண்ணை அவமதிப்பது என்று டாக்டர்கள் மறுக்க, அதை மட்டும் அரசு கைவிட்டது. அக்டோபரில் நடந்த விசாரணையில், நோயாளிகளின் கடைசி மாதவிடாய் தேதியோடு ஒரு பட்டியல் தன் துறையில் தயாரானதாக சுகாதார இயக்குநர் ராண்டல் வில்லியம்ஸ் சொல்ல, நாடே முகம் சுளித்தது. 2020 மே மாதம் லைசென்ஸைக் கொடு என்று உத்தரவிட்ட நிர்வாகத் தீர்ப்பாய ஆணையரின் பெயர் ஸ்ரீனிவாச ராவ் தண்டமூடி.

2024 நவம்பரில் மிசூரி வாக்காளர்கள் ஏறத்தாழ 52 சதவீத ஆதரவோடு கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள். மறுநாளே கிளினிக் திறந்துவிடும் என்று நினைத்தால் இல்லை. டாப்ஸுக்குப் பிறகு அங்கே அமலான தடையை டிசம்பரில் நீதிபதி ஜெரி ஜாங் நிறுத்தி வைத்தார். லைசென்ஸ் விதிகளை விட்டுவைத்தார். 6 அடி நடைபாதை இல்லாததால் திறக்க முடியவில்லை. 2025 பிப்ரவரியில் அந்த விதிகளையும் நிறுத்தினார். கருச்சிதைவுக்குச் சிகிச்சை தருவது உட்பட இதே போன்ற மருத்துவச் சேவைகளை நடத்தும் விதமாகக் கருக்கலைப்பு இடங்களை நடத்தாமல் பாகுபாடு காட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணம். மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளை விலக்கச் சொன்னது, கிளினிக்குகள் நின்றன. ஜூலையில் அவர் திரும்பவும் நிறுத்தி வைத்தார், கிளினிக்குகள் ஓடின. அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருந்த பெண்ணுக்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும்?

மாத்திரை தபாலில் வரும் காலத்தில் கிளினிக் விதி செல்லுபடியாகுமா?

ஓரளவு வலு குறைந்துவிட்டது. 2023-ல் அமெரிக்கக் கருக்கலைப்புகளில் 63 சதவீதம் மாத்திரையால் நடந்தவை என்று கருக்கலைப்புப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் குட்மாக்கர் நிறுவனம் கணக்கிட்டது. மாத்திரையை நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஏற்கெனவே எடுத்துவிட்டது. தபால் உறைக்கு நடைபாதை அளக்க முடியாது. அதனால் சண்டை மருந்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. லூசியானா 2024 அக்டோபர் முதல் கருக்கலைப்புக்குப் பயன்படும் இரண்டு வகை மாத்திரைகளையும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தவும் அதில் ஒன்று பயன்படும் என்பதால் மகப்பேறு டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள்.

நம் நாட்டிலும் இடத்துக்கு அனுமதி வேண்டும்தானே?

ஆமாம். 1971-ன் மருத்துவரீதியான கருக்கலைப்புச் சட்டப்படி அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி வேண்டாம். தனியார் இடத்துக்கு மாவட்ட அளவிலான குழு ஒப்புதல் தர வேண்டும். 2003 விதிகள் ஆரம்ப வாரங்களில் மாத்திரை தருவதற்கு இதைத் தளர்த்தின. இங்கே அது கட்சிச் சண்டையாக ஆகவில்லை, தேர்தல் மேடையில் யாரும் பேசுவதில்லை. இங்குள்ள தொல்லைகள் வேறு. அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

மிசூரியில் இப்போது எது பாக்கி?

2024-ல் சேர்த்த உரிமையை நீக்கி, சில விதிவிலக்குகளோடு தடையைத் திரும்பக் கொண்டுவரும் திருத்தத்தை 2026 நவம்பர் வாக்குச்சீட்டில் வைக்க 2025 மே மாதம் சட்டமன்றம் தீர்மானித்தது. லைசென்ஸ் விதிகள் நிரந்தரமாகச் செல்லுமா என்ற வழக்கு தனியாக ஓடுகிறது. திருத்தம் தோற்றாலும் அந்த வழக்கில் அரசு ஜெயித்தால், உரிமை சாசனத்தில் இருக்கும், 44 அங்குலக் கதவு இல்லாத கிளினிக் பூட்டியிருக்கும்.